ஈபி கார்டிலிருந்து கார்பன் கணக்கு வரை: வீட்டு மின்சாரத்தை அளந்து குறைக்க ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் என் மைத்துனன் ஒருநாள் ஒரு கணக்கீட்டுப் பக்கத்தை அனுப்பினான். "உங்க வீட்டு கரண்டுக்கு எவ்வளவு கார்பன் வருதுன்னு போட்டுப் பாருங்க மச்சான்." போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 712 கிலோ கரியமில வாயு என்றது. இன்னொரு பக்கத்தில் 5 டன் வந்தது. மூன்றாவதில் 2.5 டன். அதே வீடு, அதே பில்.

எது சரி, ஏன் சரி என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போனது. அதற்குப் பிறகு குறைக்கும் வேலை, சோலார் விண்ணப்பம், அதற்கான காகிதங்கள் என்று இன்னும் சில மாதங்கள். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நான் இருப்பது திருச்சி, நான்கு பேர் கொண்ட வீடு. தமிழ்நாட்டு மின் இணைப்பு உள்ள எவருக்கும் வழி ஒன்றுதான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஈபி கார்டு, அதில் உள்ள மின் இணைப்பு எண், பதிவு செய்த கைபேசி. இவ்வளவுதான். கார்டு தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், மின் வாரியத்திலிருந்து வரும் குறுஞ்செய்தியிலேயே எண் இருக்கும். மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலோ செயலியிலோ அந்த எண்ணைக் கொடுத்தால் பழைய பில்களின் பட்டியல் வரும். செலவு எதுவும் இல்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

2. ஆறு பில்களையும் கூட்டுங்கள்

நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே வருஷத்துக்கு ஆறு. நான் முதலில் கோட்டை விட்டது இங்கேதான்: மாதக் கணக்கு கேட்ட பெட்டியில் இரண்டு மாத யூனிட்டைப் போட்டேன். 5 டன் வந்த கதை அதுதான்.

ஒரே ஒரு பில்லை எடுத்து ஆறால் பெருக்கவும் கூடாது. என் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஜனவரி-பிப்ரவரி 430, மார்ச்-ஏப்ரல் 690, மே-ஜூன் 760, ஜூலை-ஆகஸ்ட் 590, செப்டம்பர்-அக்டோபர் 540, நவம்பர்-டிசம்பர் 430. மொத்தம் 3,440 யூனிட். மே மாத பில்லை மட்டும் பெருக்கியிருந்தால் 4,560 என்று தப்பாக வந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ரீடிங் எடுக்க வந்த அன்று வீடு பூட்டியிருந்தால் பில்லில் இருப்பது உண்மையான அளவு அல்ல, பழைய பில்லை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. அது அடுத்த பில்லில்தான் நேராகும். அப்படி ஏதாவது இருந்தால் இரண்டையும் சேர்த்தே கூட்டுங்கள்.

இன்னொன்று, ரூபாயைப் பார்க்காதீர்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சில வீடுகளில் பில் பூஜ்யமாகக்கூட வரும். நிலக்கரிக்கு அந்தச் சலுகை தெரியாது. இலவச யூனிட்டுக்கும் அதே புகைதான். கட்டணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் செயலிகள் நம் ஊருக்கு ஒத்துவராததற்கு இதுவே காரணம்.

3. எதால் பெருக்குவது

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதை உற்பத்தி செய்ய எத்தனை கிலோ கரியமில வாயு வெளியேறியது என்ற எண்தான் இந்தக் கணக்கின் உயிர். இந்தியாவுக்கு அந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022-23க்கு 0.716. 2023-24க்கு 0.727. காற்றாலை, சூரியசக்தி எல்லாம் சேர்த்த சராசரி இது. புதிய பதிப்பு வந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இரண்டாம் தசமத்தில்தான் ஆட்டம், பயப்பட ஒன்றுமில்லை.

3,440 × 0.727 = 2,501 கிலோ. ஆக இரண்டரை டன்.

மைத்துனன் அனுப்பியது பிரிட்டன் பக்கம். அங்கே ஒரு யூனிட்டுக்கு 0.2 கிலோவை ஒட்டித்தான் வரும், நிலக்கரியை அவர்கள் விட்டுவிட்டார்கள். அதனால்தான் என் வீடு 712 கிலோவுக்கு இளைத்துப்போயிருந்தது. எந்தக் கணக்கீட்டுப் பக்கத்தையும் நம்பும் முன் 100 யூனிட் போட்டுப் பாருங்கள். 70 கிலோவைச் சுற்றி வந்தால் இந்தியக் கணக்கு. 20 வந்தால் மூடிவிடுங்கள்.

"தமிழ்நாட்டில்தான் இவ்வளவு காற்றாலை இருக்கிறதே, நமக்குக் குறைவாக வராதா?" என்று நானும் கேட்டேன். 2013 கடைசியில் தென்னக மின்தொகுப்பு, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்துவிட்டது. இப்போது ஒரே தொகுப்பு, ஒரே எண். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும்போது நம் வீட்டுக்கு மட்டும் தனியாகச் சுத்தமான மின்சாரம் வருவதில்லை.

இன்னும் கறாராக வேண்டுமானால் வழியில் இழக்கும் மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன எண் மின்நிலைய வாசலில் அளந்தது. அங்கிருந்து உங்கள் மீட்டருக்கு வருவதற்குள் நாடு முழுக்கச் சராசரியாக ஆறில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடுகிறது. அதைச் சேர்த்தால் என் வீட்டுக்கு 3,440 யூனிட் வர 4,128 யூனிட் உற்பத்தியாக வேண்டும். மூன்று டன். பிறரோடு ஒப்பிட முதல் எண்ணையும், மனசாட்சிக்கு இரண்டாவது எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். கீழே எல்லாவற்றுக்கும் முதல் எண்ணையே பயன்படுத்துகிறேன்.

4. எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது

இந்தப் படியைப் பலர் தாண்டிவிட்டு நேராக சோலார் கடைக்குப் போகிறார்கள். பணம் வீணாவது இங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

இதற்கு மீட்டரே போதும். முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும், பல வீட்டு மீட்டர்களில் அது 3,200. ஐந்து நிமிடம் எண்ணுங்கள். வந்த எண்ணை 12ஆல் பெருக்கி, 3,200ஆல் வகுத்து, 1,000ஆல் பெருக்கினால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும்.

இரவு பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் 12 முறை. அதாவது 45 வாட். "யாரோ நம்ம லைன்ல கரண்டு எடுக்கிறாங்க" என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் சரியாகப் பேசக்கூட இல்லை. கடைசியில் பார்த்தால் மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர். ஏழு வருஷத்து பேட்டரி, சார்ஜ் நிற்காமல் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 45 வாட் என்பது கேட்கச் சின்னதுதான். 24 மணி நேரமும் 365 நாளும் என்றால் 394 யூனிட், 286 கிலோ கரியமில வாயு. எங்கள் வீட்டு மோட்டார் வருஷம் முழுக்க இழுப்பதைவிட இரண்டு மடங்கு.

ஃப்ரிட்ஜை இப்படி அளக்க முடியாது, கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டும் வாட் மீட்டர் ஒன்று ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. 24 மணி நேரம் மாட்டி வையுங்கள். கெய்சர், ஏசி போன்றவற்றை 6 ஆம்பியர் வாட் மீட்டரில் மாட்டிவிடாதீர்கள், உருகிவிடும்.

என் வீட்டுக் கணக்கு, வருஷத்துக்கு: ஐந்து ஃபேன்கள், ஒவ்வொன்றும் 75 வாட், சராசரி தினம் 8 மணி நேரம், 1,095 யூனிட். ஏசி 590. பழைய ஃப்ரிட்ஜ் 584. இன்வெர்ட்டர் 394. டிவி, செட்டாப் பெட்டி, வைஃபை எல்லாம் சும்மா இருக்கும்போது இழுப்பது 219. மோட்டார் 180. கெய்சர், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், விளக்குகள் எல்லாம் சேர்ந்து மீதி 378.

ஏசிதான் வில்லன் என்று நினைத்திருந்தேன். ஏசி நான்கு மாதம்தான், ஃபேன் பன்னிரண்டு மாதம். திருச்சியில் இருப்பவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

ஏசியின் நட்சத்திர ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட்டை அப்படியே எடுக்காதீர்கள். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட எண். உங்கள் மணி நேரத்துக்கு ஏற்பக் குறைத்தோ கூட்டியோ கொள்ள வேண்டும்.

5. குறைக்கும் வரிசை

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். செட்டாப் பெட்டியையும் டிவியையும் ரிமோட்டில் அணைப்பது அணைப்பதாகாது, சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். எங்களுக்கு இதில் 100 யூனிட் போல மிச்சம். ஏசியை 24லிருந்து 26க்கு ஏற்றி, ஃபேனையும் மெல்ல ஓடவிட்டோம். ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. அப்படியானால் எங்களுக்கு 70 யூனிட்.

அடுத்தது ஃபேன். பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளது) 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஒன்று 3,000 ரூபாய் வாக்கில். ஐந்தையும் மாற்ற 15,000, மாட்டுக்கூலி தனி. வருஷத்துக்கு 657 யூனிட், 478 கிலோ மிச்சம். மாட்டும்போது எலக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அந்த ரெகுலேட்டரோடு ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும், வாரண்டியும் கேட்க முடியாது. மொத்தமாகப் பணம் இல்லையென்றால் கூடத்து ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேனை மாற்றி ஒரு பயனும் இல்லை.

இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றியதும் 45 வாட் 15 ஆனது, 263 யூனிட் மிச்சம். பேட்டரிக்கு 16,000 ஆனது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜை நான் மாற்றவில்லை. புதியது பாதிக்கும் குறைவாகவே இழுக்கும் என்று தெரியும். ஆனால் நன்றாக ஓடுகிற ஒன்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அம்மாவும் விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கணக்கை மீறியிருக்கிறேன்.

எல்லாம் சேர்த்து 1,090 யூனிட் குறைந்து வருஷத்துக்கு 2,350 ஆனது. 1,708 கிலோ. போனஸாக இன்னொன்று: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை விலை போய்விடும், மேலே உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறும். 590 காட்டிக்கொண்டிருந்த ஜூலை-ஆகஸ்ட் பில் 500க்குக் கீழே இறங்கியது.

6. இண்டக்‌ஷன் அடுப்பு: ஒரு பொறி

கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் பூமிக்கு நல்லது என்று நானும் நம்பி 2,000 வாட் அடுப்பு ஒன்று வாங்கினேன். அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 125லிருந்து 145 யூனிட் வரை ஆகும். அதை 0.727ஆல் பெருக்கினால் 90 கிலோவுக்கு மேல். இரண்டு மடங்கு!

நம் மின்தொகுப்பில் நிலக்கரி இவ்வளவு இருக்கும்வரை இதுதான் நிலை. கூரையில் சோலார் போட்டு, பகலில் சமைப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். சிலிண்டர் விலை, தட்டுப்பாடு போன்ற காரணங்களுக்காக நீங்கள் இண்டக்‌ஷன் வாங்கலாம், அது வேறு விஷயம். கார்பனுக்காக என்று வாங்காதீர்கள்.

7. சோலார்: அளவு, காகிதம், காசு, நாள்

ஐந்தாம் படியை முடித்த பிறகே இங்கே வாருங்கள். எனக்கு விலை சொன்ன விற்பனையாளர் பழைய பில்லை ஒரு பார்வை பார்த்து "3 கிலோவாட் சார்" என்றார். நான் குறைத்த பிறகு 2 கிலோவாட்டே போதும். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், 2 கிலோவாட் வருஷத்துக்கு 2,800 யூனிட்டைத் தாண்டும். எனக்குத் தேவை 2,350. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மானியம், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் கீழ்: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் உச்சவரம்பு 78,000. எனக்கு வந்த விலை 2 கிலோவாட்டுக்கு 1,35,000, மானியம் போக 75,000. 3 கிலோவாட்டுக்கு இரண்டு லட்சம் கேட்டார்கள், மானியம் போக 1,22,000. ஃபேனுக்குப் போட்ட 15,000 எங்கே திரும்பி வந்தது என்று தெரிகிறதல்லவா. விலைப்பட்டியலில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனல் மீதான ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் போட்ட காகிதத்தை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? எங்கள் வீட்டில் காலமான அப்பா பெயரில் இருந்தது. இணைப்புப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் மானியம் சிக்கிக்கொள்ளும். முதலில் பெயர் மாற்றம் செய்தேன். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். கட்டணம் பெரிதில்லை, ஆனால் ஓசூரில் இருக்கும் தங்கையிடம் கையெழுத்து வாங்காமல் விட்டது என் தப்பு. ஐந்து வாரம் போனது.

இதற்குப் பிறகு வரிசை இது. அந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஒப்புதல் தானாகவே கிடைத்துவிடும். அங்கே பட்டியலில் உள்ள விற்பனையாளர்களில் குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். ஒப்பந்தம், பொருத்துதல், ஆய்வு, நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் தனித்தனியாக அளப்பது), இயக்கச் சான்றிதழ். அதன் பிறகு வங்கி விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் ஏற்ற வேண்டும். கையில் வைத்திருக்க வேண்டியவை: சமீபத்திய பில், ஆதார், சொத்துவரி ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மொட்டைமாடிப் படம். எனக்கு விண்ணப்பத்திலிருந்து மீட்டர் வரை 51 நாள். பேனல் பொருத்தியது இரண்டே நாள். மானியம் அதற்குப் பிறகு 23ஆம் நாள் கணக்கில் ஏறியது. முழுத் தொகையையும் முதலில் நீங்கள் கட்டியாக வேண்டும், மானியம் பின்னால்தான் வரும். கையில் இல்லாதவர்கள் வங்கிக் கடனை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

விலை குறைவாகச் சொல்பவரிடம் பேனல் இந்தியாவில் செய்த செல்களால் ஆனதா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு செல் என்றால் பேனல் வேலை செய்யும், மானியம் வராது.

முழு முன்பணம் கேட்பவரிடமும், "மானியத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்பவரிடமும் விலகி நில்லுங்கள். அது உங்கள் கணக்குக்குத்தான் வரும்.

கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பக்கத்து வீட்டுத் தென்னையையும் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நேரில் போய்ப் பாருங்கள். விற்பனையாளர்கள் பகல் பன்னிரண்டுக்குத்தான் வருவார்கள். வடாம் காயப்போட இடம் வேண்டும் என்றால் உயரமான கம்பிச் சட்டம் கேட்க வேண்டும், அது தனிச் செலவு.

மின்தொகுப்போடு இணைந்த சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வீட்டில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடி பொதுச்சொத்து. சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் ஒரு பேனலும் ஏறாது. லிஃப்ட், மோட்டார் போன்ற பொது இணைப்புக்குச் சங்கமே விண்ணப்பித்தால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு.

8. மாட்டிய பிறகு

சோலார் போட்டதும் கார்பன் பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேனலைச் செய்யவும் மின்சாரம் போயிருக்கிறது. ஆயுள் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் கூரைப் பேனலுக்கு யூனிட்டுக்கு 41 கிராம் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014இல் தந்த நடுமதிப்பு. நிலக்கரிக்கு அதே பட்டியலில் 820. மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் ஓட்டுவதெல்லாம் பழைய தொகுப்பு மின்சாரம்தான். மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் மூன்றையும் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இது இன்னும் பாதிதான் நடக்கிறது.

நெட் மீட்டர் வந்த பிறகு பில்லில் வாங்கியது, கொடுத்தது என்று இரண்டு எண்கள் இருக்கும். கார்பன் கணக்குக்கு இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், பில் தொகை எதையும் காட்டாது. பேனலை வாரம் ஒருமுறை அதிகாலையில் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல வெயிலில் சூடான கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். எங்கள் தெருப் புறாக்கள் பேனலைப் பொருத்திய முதல் நாளே வந்துவிட்டன. ஓரங்களில் வலை அடிக்க 4,000 ரூபாய் ஆனது. இதை விற்பனையாளர் யாரும் விலைப்பட்டியலில் எழுத மாட்டார், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.